விதைநெல்லைத் தனியே வைப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் பயிற்சிக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு லேப்டாப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் ரெண்டு பேர் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். "அதெல்லாம் படிச்ச பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று ஒரு அக்கா சொல்வதும் காதில் விழுகிறது. கொஞ்சம் உட்காருங்கள் அக்கா. உங்கள் சேமிப்புக் கணக்கு, நீங்கள் கட்டிய தவணை, உங்கள் பேர், ஆதார் எண் எல்லாம் இப்போது ஒரு லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியாவிட்டாலும், அதற்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

முதலில் நமக்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

நமக்கு நடந்தது

2024 ஜூலை மாதம். நம் 22 குழுக்களின் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த தங்கச்சியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த லேப்டாப் கூட்டமைப்பு வாங்கிக் கொடுத்தது அல்ல. உள்கடன் எடுத்து அவள் சொந்தமாக வாங்கிய பழைய லேப்டாப். விற்ற கடைக்காரர் காசு கொடுத்து வாங்காத திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்து, "அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்கேன்மா, போட்டா ஸ்லோ ஆயிடும், நெட்டும் தீர்ந்திடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

ஒரு நாள் காலையில் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பேருக்கும் பின்னால் ஏதோ புரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். "உங்கள் கணக்கைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம்" என்பதுதான் அதன் சாரம். பென்டிரைவில் ஒரு நகல் இருக்கிறதே என்று பார்த்தோம். அந்தப் பென்டிரைவ் மாதக்கணக்கில் லேப்டாப்பிலேயே செருகிக் கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

அப்புறம் நோட்டுகளைத் தேடினோம். 17 குழுக்களில் கையால் எழுதும் பேரேடு ஒழுங்காக இருந்தது. 5 குழுக்களில், "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்களே" என்று எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஐந்தையும் சரிக்கட்ட ஆறு வாரம் ஆனது.

அதில் ஒரு குழு. 14 பேர். பேரேடு மார்ச் மாதத்தோடு நின்றுபோயிருந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஆயிரம் ஆயிரமாகத் தவணை கட்டினேன் என்று ஒரு அக்கா சொன்னார். அவருடைய பாஸ்புத்தகம் கூரை ஒழுகி நனைந்து வீணாகிவிட்டது. "கட்டினதுக்கு ஆதாரம் எங்கே?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர் அதற்கும் மேலே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக ஒன்றாக இருந்த குழு அது.

கடைசியில் பேங்க் சலானின் அடிக்கட்டைதான் காப்பாற்றியது. மூன்று மாதமும் 5,000 ரூபாய் கட்டியிருந்தார்கள். 14 பேர் சந்தா நூறு நூறாக 1,400. மற்றவர்கள் பாஸ்புத்தகப்படி கட்டிய தவணை 2,600. மிச்சம் சரியாக ஆயிரம். அந்த அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் அவர் இன்றைக்கும் கூட்டத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார். பணம் கணக்கில் வந்துவிட்டது, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

தப்பு அந்தத் தங்கச்சி மேல் இல்லை சகோதரிகளே. வேலையைக் கொடுத்தோம், 500 ரூபாய்க்கு ஒரு நல்ல பென்டிரைவ் வாங்கிக் கொடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அது எங்கள் தப்பு. அதனால்தான் நாங்களே போய்க் கற்றுக்கொண்டு வந்து இன்றைக்கு உங்கள் முன் நிற்கிறோம்.

இந்த வைரஸ் என்பது என்ன?

காய்ச்சல் வைரஸ் மாதிரி காற்றில் வருவது அல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். நாம் கணக்கு எழுத ஒரு புரோகிராம் வைத்திருக்கிற மாதிரி, திருடுவதற்கென்றே சிலர் எழுதி அனுப்புகிற புரோகிராம். ஒன்று நாம் தட்டுகிற பாஸ்வேர்டை ஒளிந்திருந்து பார்த்து அனுப்பும். ஒன்று ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். நமக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. ஆள் கடத்திப் பணம் கேட்பது மாதிரி.

அது உள்ளே வரும் வழிகள் பெரும்பாலும் இவைதான்:

திருட்டு சாஃப்ட்வேர் வழியாக. "இலவசமாப் போட்டுத் தர்றேன்" என்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தெரியாத ஈமெயிலில் வரும் ஃபைல் வழியாக. பில், கூரியர், வங்கி அறிவிப்பு என்று பேர் போட்டு வரும்.

ஊரெல்லாம் சுற்றிய பென்டிரைவ் வழியாக. பிரிண்ட் எடுக்கும் கடையில் நூறு பேர் பென்டிரைவைச் செருகுகிறார்கள்.

கடைசியாக, அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாக. இதற்கு நாம் எதையும் தொட வேண்டும் என்றுகூட இல்லை. இதற்குத்தான் அப்டேட்.

அப்டேட் என்பது தடுப்பூசி

ஆடு வளர்க்கும் அக்காமார்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஆட்டுக்கொல்லி நோய் பக்கத்து ஊருக்கு வந்த பிறகா ஊசி போடுவீர்கள்? ஆடு துள்ளிக்கொண்டு நன்றாக இருக்கும்போதே போடுகிறோம். அப்டேட்டும் அப்படித்தான். லேப்டாப் நன்றாக ஓடும்போதே போட வேண்டும்.

எந்தப் பெரிய சாஃப்ட்வேரிலும் செய்தவர்களுக்கே தெரியாத ஓட்டைகள் இருக்கும். கண்டுபிடித்ததும் அடைப்பதற்கு ஒரு ஒட்டு அனுப்புகிறார்கள். அதுதான் அப்டேட். ஒட்டு வந்த உடனே திருடனுக்கும், "ஓ, இங்கே ஒரு ஓட்டை இருக்கிறதா" என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் யார் வீட்டில் இன்னும் அடைக்கவில்லை என்று தேடி வருகிறான். நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு லாபம்.

உலகமே பார்த்த ஒரு உதாரணம் உண்டு. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸுக்கு ஒரு ஒட்டு வெளியிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற வைரஸ் கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள், ஆபரேஷன்களைத் தள்ளி வைத்தார்கள். மார்ச்சில் வந்த ஒட்டைப் போட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குள் அந்த ஓட்டை வழியாக வர முடியவில்லை. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இரண்டு மாதம் இருந்தது, சகோதரிகளே!

எப்படிப் போடுவது?

வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் அப்டேட் என்ற இடத்துக்குப் போய், 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். சார்ஜர் போட்டிருக்கட்டும். முடிந்ததும் 'ரீஸ்டார்ட்' கேட்கும். அதையும் செய்தால்தான் வேலை முழுமை. மூடி வைத்துத் திறப்பது ரீஸ்டார்ட் ஆகாது.

மைக்ரோசாஃப்ட் கம்பெனி வழக்கமாக ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒட்டுகளை வெளியிடுகிறது. நமக்கு அது இரவு நேரம். அதனால் அந்த வாரம் வியாழக்கிழமையை அப்டேட் நாள் என்று வைத்துக்கொள்ளலாம். போன் நெட்டைப் பகிர்ந்து போடுகிறவர்கள், அன்றன்றைய டேட்டா வீணாகிற இரவு நேரத்தில் போடுங்கள். நெட் இணைப்பில் 'மீட்டர்ட்' என்று போட்டிருந்தால் சில அப்டேட் தானாக இறங்காது, நாமே அழுத்த வேண்டியிருக்கும்.

நெட் பார்க்க வைத்திருக்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றுக்கும் அப்டேட் உண்டு. அதையும் விட்டுவிடக் கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அப்டேட் என்று பேர் சொல்லியே திருடர்களும் வருகிறார்கள். நெட் பார்க்கும்போது திடீரென்று, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று சத்தத்தோடு திரை வந்தால் அது ஏமாற்று. மூடிவிடுங்கள். உண்மையான அப்டேட் போன் போட்டுக் கூப்பிடாது. வாட்ஸ்அப்பில் வராது. செட்டிங்ஸுக்குள் நாம் போய்ப் பார்ப்பதுதான் உண்மையானது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க

தடுப்பூசி தயாரிப்பதையே நிறுத்திவிட்டால்? விண்டோஸில் பழைய வகைகளுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓடு ஒட்டு அனுப்புவது நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஒட்டு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் கூடுதலாக உண்டு.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப் பல வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிறது. அதில் எந்த வகை என்று தெரிய, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் காட்டும். விண்டோஸ் 11 எல்லாப் பழைய லேப்டாப்பிலும் ஏறாது. ஏறாவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று இலவசமாகவே, சட்டப்படியே கிடைப்பவை உண்டு. அவற்றுக்கும் அப்டேட் வருகிறது. கணக்குப் போட லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் அந்த லேப்டாப்பை நெட்டில் இணைக்காமல் டைப் பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுக் கணக்கை அதில் வைக்க வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று பேர். அதை நிறுத்தி வைக்காமல் இருந்தாலே பெரிய காவல். "இதை நிறுத்தினாத்தான் இந்த சாஃப்ட்வேர் ஏறும்" என்று யாராவது சொன்னால், அந்த சாஃப்ட்வேரே வேண்டாம்.

காப்பு நகல் என்பது விதைநெல்

தடுப்பூசி போட்டும் சில சமயம் நோய் வரும். லேப்டாப் கீழே விழும், தண்ணீர் கொட்டும், திருடு போகும். அதற்குத்தான் காப்பு நகல். பிள்ளைகள் பேக்கப் என்பார்கள்.

நம் அம்மாமார் விதைநெல்லை எங்கே வைத்தார்கள்? சாப்பாட்டு நெல்லோடு கலந்தா வைத்தார்கள்? பஞ்சம் வந்தாலும் கை வைக்காமல் தனிக் குதிரில் வைத்தார்கள். நாங்கள் பென்டிரைவை லேப்டாப்பிலேயே செருகி வைத்தது, விதைநெல்லையும் உலையில் போட்ட கதைதான்.

இதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மொத்தம் மூன்று பிரதி இருக்க வேண்டும். இரண்டு வகையான இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நம் கூட்டமைப்பில் இப்போது இப்படிச் செய்கிறோம்:

1. லேப்டாப்பில் இருப்பது முதல் பிரதி.

2. இரண்டு பென்டிரைவ் வாங்கியிருக்கிறோம். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை நூல். ஒரு வாரம் சிவப்பு, மறு வாரம் பச்சை. ஒன்று கெட்டாலும், ஒன்றில் வைரஸ் ஏறினாலும் மற்றது இருக்கும். நகல் எடுத்த உடனே கழற்றிவிட வேண்டும். ஒன்று அலுவலக பீரோவில், மற்றது பொருளாளர் வீட்டில். இந்தப் பென்டிரைவ்களை பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்கு வேறு ஒன்று.

3. மாதம் ஒரு முறை நெட்டில் ஒரு பிரதி. கூகுள் கணக்கு இருந்தால் 15 ஜிபி இடம் இலவசம். நம் கணக்குக்கு அது தாராளம். ஆனால் லேப்டாப்பில் மாறுவது அங்கேயும் தானாக மாறும்படி வைத்திருந்தால், பூட்டப்பட்ட ஃபைலும் அங்கே போய்ச் சேரும். அதனால் மாதாமாதம் தேதி போட்டுத் தனி ஃபைலாக ஏற்றுகிறோம்.

4. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறு ஒரு கம்ப்யூட்டரில் அந்த நகலைத் திறந்து பார்க்கிறோம். விதை முளைக்கிறதா என்று ஈரத்துணியில் கட்டிப் பார்ப்போமே, அது மாதிரி. திறக்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

நம் உறுப்பினர்களின் ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் இருப்பதால் அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம். பாஸ்வேர்டை ஒரு கவரில் எழுதி ஒட்டி, பணப்பெட்டியோடு வைத்திருக்கிறோம். அந்தத் தங்கச்சி கல்யாணமாகிப் போனாலும் கணக்கு நம்மோடு இருக்க வேண்டும் அல்லவா?

இன்னொன்று. கையால் எழுதும் பேரேட்டையும் பாஸ்புத்தகத்தையும் நிறுத்தாதீர்கள். எந்த வைரஸாலும் பேனா எழுத்தைப் பூட்ட முடியாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். செருகியிருக்கும் பென்டிரைவைக் கழற்றுங்கள். திரையை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நல்ல காப்பு நகலை எக்காரணத்தைக் கொண்டும் அந்த லேப்டாப்பில் செருகாதீர்கள்.

பணம் கட்டாதீர்கள். கட்டினால் சாவி தருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நெட்டில் 'நோ மோர் ரேன்சம்' என்று ஒரு தளம் இருக்கிறது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பும் வேறு சிலரும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகச் சாவி கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த லேப்டாப்பில் பேங்க் பாஸ்வேர்டு அடித்திருந்தால், வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ உடனே மாற்றுங்கள். பேங்கிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றி, அப்டேட் போட்ட பிறகே நகலை உள்ளே கொண்டுவர வேண்டும்.

"போனுக்கும் இதெல்லாம் உண்டாக்கா?" என்று கேட்கிறீர்கள். உண்டு. போனிலும் செட்டிங்ஸில் அப்டேட் இருக்கிறது, போடுங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, அரசு உதவித் திட்டம் என்று பேர் போட்டு வரும் ஆப் ஃபைலை ஏற்றாதீர்கள். ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும்.

முடிவாக

உறுப்பினர்களே, இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். "அப்டேட் போட்டாச்சா? நகல் எடுத்தாச்சா?" பதிலைத் தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது சந்தேகம் அல்ல, பொறுப்பு.

கணக்கு எழுதும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. ஏதாவது தப்பாக அழுத்திவிட்டால் உடனே சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். அந்தத் தங்கச்சி அன்றைக்குப் பயந்து இரண்டு நாள் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பயம் போனால்தான் பாதுகாப்பு வரும். இன்றைக்கு இந்த முறைகளை மற்றக் குழுக்களுக்குச் சொல்லித் தருபவளும் அவள்தான்.

அடுத்த மாதம் சிவப்பு நூலையும் பச்சை நூலையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்து உங்கள் முன்னாலேயே திறந்து காட்டுகிறோம். அன்றைக்கு அந்த அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.